அவிழ்த்த வேப்பிலையைத் திரும்பக் கட்ட அனுமதி வேண்டி

அனுப்புநர்
ஆ. இராமலிங்கம், எம்.ஏ., (வயது 50)
கிளை அஞ்சல் அலுவலர்,
வடக்குத் தெரு, கொன்றைக்குறிச்சி,
ஆண்டிமடம் வட்டம், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
மருத்துவர் ஹேமலதா அவர்கள்,
வட்டார மருத்துவ அலுவலர்,
வட்டார ஆரம்ப சுகாதார நிலையம்,
அரியலூர் மாவட்டம்.

பொருள்: பொதுச் சுகாதாரம் – பங்குனி மாதச் சின்னம்மைப் பரவல் – நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை 27.03.2025ஆம் நாளுக்குள் அவரது இல்லத்திலேயே பரிசோதிக்க வேண்டுதல் – வாசலில் வேப்பிலை கட்டும் வழக்கத்தை நோய் அறிவிப்பு முறையாக ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கொன்றைக்குறிச்சி கிராம சபைத் தீர்மானம் எண் 7, நாள் 02.10.2023.
2. பொதுமக்கள் எழுதிய அஞ்சலட்டைகள் பதினேழு (இணைப்பு).

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை எண்ணி முடித்த அஞ்சலட்டைகளை இன்றைய முதல் பேருந்திலேயே தங்கள் மேசையில் சேர்க்க வந்துள்ளேன். மூன்று முறை எழுதிக் கிழித்த பின்னரும் இம்மனுவில் பரபரப்பு தென்படுமானால் பொறுத்தருள வேண்டுகிறேன். இது துறை சார்ந்த மனு அன்று, தனிமனிதனாக எழுதுகிறேன்.

1. இது ஒரு புகார் மனு. புகாருக்கு உரியவர், இதன் கீழ் கையொப்பமிடும் நானே.

2. எங்கள் ஊரில் எந்த வீட்டில் சின்னம்மை கண்டாலும் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து கட்டுவது வழக்கம். அதன் பிறகு வெளியார் அவ்வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். அவ்வீட்டாரும் பிறர் வீட்டுக்குச் செல்ல மாட்டார்கள். நோய் இறங்கி, நோயாளியின் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்த பின்னரே கொத்து அவிழ்க்கப்படும். அஞ்சல் பணியில் இருபத்தாறு ஆண்டுகளாக நானும் அதற்குக் கட்டுப்பட்டே வந்தேன். வேப்பிலை கண்ட வாசலில் படியேறாமல், கடிதத்தை வெளியே நின்று உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வந்ததும் உண்டு.

3. படித்தவன் என்ற நினைப்பில், இவ்வழக்கம் மூடநம்பிக்கை எனவும், வேப்பிலை இருக்கும்வரை மக்கள் மருத்துவமனையை நாட மாட்டார்கள் எனவும் 02.10.2023 அன்று கிராம சபையில் பேசினேன். வாசலில் வேப்பிலை கட்டுவதைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். அது ஒருமனதாக நிறைவேறியது. கடிதம் கொண்டு செல்லும்போது வாசல்களைப் பார்த்து, தீர்மானத்தை நினைவூட்டியும் வந்தேன்.

4. 2024ஆம் ஆண்டுப் பங்குனியில் ஐந்து தெருக்களிலும், 212 வீடுகளிலும், ஒரு கொத்துகூட இல்லை. நோய் ஊரை விட்டுப் போயிற்று என்று மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சிக்கு ஆதாரம் ஏதும் என்னிடம் இருக்கவில்லை என்பதை இப்போது பதிவு செய்கிறேன்.

5. இவ்வாண்டு நடந்தது பின்வருமாறு. வடக்குத் தெரு திரு. செல்லக்கண்ணு – திருமதி ரத்தினம்மாள் தம்பதியரின் மகள் திருமதி வெற்றிச்செல்வி (வயது 23), பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் மணமுடித்தவர். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக 12.03.2025 அன்று தாய்வீடு அழைத்து வரப்பட்டார். அழைத்து வருவதற்கு முன் ரத்தினம்மாள் பழைய பழக்கத்தில் தெருவை இருமுறை நடந்து பார்த்திருக்கிறார். எந்த வாசலிலும் வேப்பிலை இல்லை என்ற நம்பிக்கையில்தான் மகளை அழைத்து வந்தார்.

6. 17.03.2025 திங்கட்கிழமை பிற்பகல், மருத்துவர் நடக்கச் சொன்னபடி நடந்து சென்ற வெற்றிச்செல்வி, நான்கு வீடு தள்ளியுள்ள திருமதி மருதாயி வீட்டில் இளைப்பாற நுழைந்தார். மருதாயி முந்திரிக்கொட்டை பொறுக்கக் காட்டுக்குச் சென்றிருந்தார். அவர் கணவர் திரு. பெரியசாமி (வயது 44) முன்னறையில் போர்வைக்குள் படுத்திருந்தார். சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி, வெற்றிச்செல்வி அதே அறையில் அரைமணி நேரம் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். பெரியசாமிக்கு அன்று கொப்புளம் கண்ட மூன்றாம் நாள்.

7. ஏன் சொல்லவில்லை என்று பின்னர் வாசலுக்கு வெளியே நின்று பெரியசாமியிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன் சார். நீங்க தீர்மானம் போட்டதுலேருந்து அம்மா வந்திருக்குன்னு சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. படிக்காத பயன்னு நெனச்சிப்பாங்கல்ல.” வேப்பிலை கட்டியிருந்தால் அவர் வாய் திறக்கவே தேவை இருந்திருக்காது.

8. மறுநாள் பதிவுத் தபாலுடன் சென்ற என்னை மருதாயி வாசலிலேயே நிறுத்தினார். “நில்லுங்க சார், உள்ளாற வராதீங்க. காட்டுலேருந்து வந்து பாக்குறேன், நெறமாசப் புள்ள எங்க வூட்டுல ஒக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்கு. ஒடனே எந்திரிக்கச் சொல்லி அனுப்பிச்சேன். வேப்பிலைய அவுத்தீங்க, சரி. அதுக்குப் பதிலா என்னத்தக் கட்டுனீங்க?”

அக்கேள்விக்கு மறுநாள் முதல் வீடு வீடாக விடை தேடினேன். இன்று இருக்கிறது. அதனைத் தெரிவிக்கவே இந்த மனு.

9. 19.03.2025 அன்று 212 வீடுகளுக்கும் சென்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “தீர்மானம் இல்லாதிருந்தால் உங்கள் வாசலில் இன்று வேப்பிலை கட்டியிருப்பீர்களா?” பதினொரு வீட்டார் ‘ஆம்’ என்றனர். கிராம சுகாதாரச் செவிலியர் திருமதி சிந்து அவர்களின் பதிவேட்டில் அன்றைய எண்ணிக்கை சுழியம். அவர்மீது குறையில்லை. மூன்று ஊர்களைக் கவனிக்கும் அவரிடம் எவரும் சொல்லவில்லை. வேப்பிலை போனால் மருத்துவமனை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வேப்பிலை போயிற்று, அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை.

10. அன்று மாலையே மருதாயி முதலில் தம் வாசலில் கொத்து கட்டினார். நான் என் கையிருப்பிலிருந்த அஞ்சலட்டைகளில் தங்கள் அலுவலக முகவரியை எழுதி, கொத்து கட்டும் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுத்தேன். வீட்டு எண், நோயாளியின் வயது, முதல் கொப்புளம் கண்ட நாள் ஆகிய மூன்றை மட்டும் எழுதிச் சிவப்புப் பெட்டியில் போடக் கேட்டுக்கொண்டேன். நான்கைந்து அட்டைகள் வந்தால் பெரிது என்றே நினைத்தேன்.

11. ஆறு நாள்களில் பதினேழு வந்துள்ளன. சிந்து அவர்கள் பதினேழு வீடுகளுக்கும் நேரில் சென்று சரிபார்த்துள்ளார், ஒன்றுகூடப் பொய்யில்லை. மக்கள் அவற்றை எழுதியுள்ள விதத்தைத் தாங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஓர் அட்டையில், “அம்மா எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை வந்தார்கள். சின்னவளிடம் நான்கு நாள், பெரியவனிடம் நேற்று முதல்” என்றிருக்கிறது. அரசுப் படிவத்தில்கூட இவ்வளவு துல்லியம் கிடைப்பது அரிது. மேலத்தெரு அட்டை ஒன்று, “எங்களுக்கு அம்மை இல்லை, பொன்னுக்கு வீங்கி. பிள்ளைக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டிருக்கிறோம். இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறது. சேர்த்துக்கொண்டேன். பதினேழு வீட்டாரில் ஒன்பது வீட்டார் சிந்து அவர்களிடம் மருந்து பெற்றுள்ளனர். வேப்பிலையும் மாத்திரையும் ஒரே வாசலில் இருக்கலாம் என்பது பதினெட்டு மாதங்களுக்கு முன் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

12. பரவல் நின்றுவிட்டது என்று இம்மனு கூறவில்லை. தொற்றிய பின் நோய் வெளிப்படப் பத்து முதல் இருபத்தொரு நாள்கள் ஆகும் என்பதால், ஆறு நாள் கணக்கை வைத்து அவ்வாறு கூறுவது முறையன்று. வேப்பிலை நோயைத் தீர்க்கும் என்றும் கூறவில்லை. கொப்புளம் தோன்றுவதற்கு முந்தைய ஓரிரு நாள்களிலேயே நோய் தொற்றும் என்பதையும் அறிவேன். அந்நாள்களுக்கு எந்தக் கொத்தும் உதவாது. எனினும் கொப்புளம் தோன்றிய மணி நேரத்திலேயே, எவர் உத்தரவும் இன்றி, வீட்டார் தாமாகவே தனித்திருக்கும் ஒரு முறை எங்களிடம் முன்பே இருந்தது. அதில் இல்லாதிருந்தது, செய்தியைச் சேர்க்க ஒரு முகவரிதான். அந்த முகவரி தங்களுடையது.

13. இனி, இம்மனுவின் அவசரம். வெற்றிச்செல்விக்குச் சிறுவயதில் அம்மை கண்டதில்லை என ரத்தினம்மாள் உறுதியாகக் கூறுகிறார். பிரசவத்துக்குக் குறித்த நாள் 05.04.2025. நோய் தொற்றியிருப்பின் அது வெளிப்படக்கூடிய நாள்கள் 27.03.2025 முதல் 07.04.2025 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பிரசவத்தை ஒட்டித் தாய்க்குச் சின்னம்மை கண்டால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்றும், தொற்று நேர்ந்த பத்து நாள்களுக்குள் மருத்துவர் பார்த்தால் பாதுகாப்பு ஊசி பற்றி முடிவெடுக்கலாம் என்றும் சிந்து அவர்கள் தெரிவித்தார். பத்தாம் நாள் 27.03.2025, வியாழக்கிழமை. அதாவது நாளை மறுநாள்.

14. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் செல்லக்கண்ணு மறுக்கிறார். அவர் என்னிடம் கூறியது: “ஊசி கீசின்னு போனா அம்மா கோவிச்சுக்கும். உங்க பேச்சக் கேட்டு ஒருவாட்டி வேப்பிலைய அவுத்தவன் நானு. இன்னொருவாட்டி கேக்க மாட்டேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டாக்டரம்மா எங்க வூட்டுக்கு வந்து சொல்லட்டும், கேக்குறேன்.” என் சொல் அவ்வாசலில் செல்லாது என்பதை ஏற்கிறேன். அது நியாயமே. தங்கள் சொல் செல்லும்.

15. ஆகவே பின்வருவனவற்றைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) 27.03.2025ஆம் நாளுக்குள் தாங்கள் வடக்குத் தெருவுக்கு நேரில் வந்து, வெற்றிச்செல்வியைப் பரிசோதித்து, அவர் பெற்றோருக்குத் தங்கள் வாயாலேயே விளக்கிக் கூற வேண்டும். பிற கோரிக்கைகள் அனைத்தும் காத்திருக்கலாம். இது காத்திருக்க இயலாதது.

(ஆ) வேப்பிலையும் அஞ்சலட்டையும் இணைந்த இம்முறையைத் தாங்கள் ஆராய்ந்து, தகுதியுடையதாயின் எழுத்து மூலம் கருத்து வழங்க வேண்டும். அதனை மே முதல் நாள் கிராம சபையில் வைத்து, தீர்மானம் எண் 7ஐ நீக்க நானே முன்மொழிவேன். அதுவரை, நடைமுறையில் உள்ள ஒரு தீர்மானத்தை மீறியவர் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கட்டும். மருதாயி முதலிய பதினேழு வீட்டார்மீது எவ்விதக் குறிப்பும் வேண்டா.

16. தாங்கள் வரும்போது வீட்டை அடையாளம் காண ஒரு குறிப்பு. நேற்று முன்தினம் செல்லக்கண்ணு வீட்டு வாசலிலும் வேப்பிலை கட்டப்பட்டது. அங்கே எவருக்கும் நோயில்லை. நோயற்ற வீட்டில் கட்டினால் எண்ணிக்கை குழம்பும் என்று நான் ஆட்சேபித்தேன். தம் வீட்டில் மூன்றாம் தண்ணீர் முடிந்து கொத்தை அவிழ்த்துவிட்டு வந்திருந்த மருதாயி என்னைப் பார்த்து, “நோவு வந்த வூட்டுக்கு மட்டும்தானா சார்? நோவு வரக்கூடாத வூட்டுக்கும் கட்டுவோம். உங்க கணக்கு கொழம்பாம நான் பாத்துக்குறேன்” என்று சொல்லி, வளைகாப்பில் தமக்குக் கொடுத்த இரண்டு கண்ணாடி வளையல்களைக் கழற்றி அக்கொத்தோடு சேர்த்துக் கட்டினார். அன்று முதல் பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார். எறையூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார்கூட வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்பினர். தெருப் பெண்கள் முறைவைத்துத் தினமும் காலையில் புதுக் கொத்து மாற்றுகிறார்கள்.

பச்சையும் சிவப்புமாக வளையல் தொங்கும் வேப்பிலை, வடக்குத் தெருவில் இடப்புறம் ஆறாவது வாசல். அதைக் கண்டு தாங்கள் தயங்கி நிற்க வேண்டா. ஊரார் எல்லோரையும் நிறுத்துவதற்குக் கட்டிய கொத்து அது. தாங்கள் ஒருவர் மட்டும் தாண்டி உள்ளே வருவதற்காக அவ்வீட்டார் காத்திருக்கிறார்கள்.

தங்கள் வருகையை எதிர்நோக்கித் தெருமுனையில் நிற்கும்,

(ஒப்பம்)
ஆ. இராமலிங்கம்

இடம்: கொன்றைக்குறிச்சி
நாள்: 25.03.2025

இணைப்பு: அஞ்சலட்டைகள் 17, தீர்மானம் எண் 7இன் நகல் 1, தெரு வரைபடம் 1 (வளையல் வாசல் குறிக்கப்பட்டுள்ளது).