பாதி அடித்த ஆணி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் நீ நிம்மதியாக மடித்து வைத்துவிடுவாய். அதனால் அப்படித் தொடங்கவில்லை. நான் சுகம். அம்மா சுகமில்லை. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.

போனில் பேசினால் நான் கத்துகிறேனாம், எதுவானாலும் நிதானமாக எழுதி அனுப்பச் சொன்னாய். சரி, எழுதுகிறேன். காகிதத்துக்குத் தொண்டை கிடையாது, உனக்கும் காது வலிக்காது.

அம்மாவுக்கு என்னைச் சுத்தமாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் காலையில் தெரியும், சாயங்காலம் மறந்துபோகும். இப்போது காலையிலும் இல்லை. யாரோ ஒருத்தி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தன் வீட்டில் உலாவுகிறாள் என்று எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் என்னைக் காட்டியே முறையிடுகிறாள். நான் தட்டை வைத்தால் அதில் என்ன கலந்திருக்கிறாளோ என்று என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள். நர்ஸம்மா ஊட்டினால் நாலு வாய் வாங்குகிறாள். ஆனால் அவளுக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, எத்தனை நாள்தான் ஓடி ஓடி வருவாள்? அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

போனில் நீ, உன் கையால் அவள் சாப்பிடாதபோது உன்னோடு வைத்திருந்து என்ன பயன், முதியோர் இல்லத்தில் இதற்கெல்லாம் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், நானே வந்து சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாய். நீ சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். நியாயம் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. நான் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை அண்ணா, அவள் என் கண்ணெதிரில் இருக்கட்டும். கொஞ்சம் பொறு.

இதற்கு நடுவில் நாற்காலி வேறு காலை வாரிவிட்டது. மூடப்போன ஓட்டலிலிருந்து அப்பா வாங்கிவந்த அந்தப் பழைய சோபா நாற்காலியைத்தான் சொல்கிறேன். அம்மா பகல் முழுக்க அதில்தான் இருப்பாள். உள்ளே ஒரு ஸ்பிரிங் அறுந்து, துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அவள் தொடையைக் கீறிவிட்டது. இந்த வயதில் புண் வந்தால் ஆறாது, ஜாக்கிரதை என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் அதன் பக்கத்தில் நிற்கிறாளே தவிர உட்காரமாட்டேன் என்கிறாள்.

குஷன் கடைக்காரர் வந்து பார்த்தார். நல்ல மரம், சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளேயிருப்பதைத்தான் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். எவ்வளவு ஆகும் என்பதையும் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனது கேட்கவில்லை. நீயே செய்துகொள் என்று வழி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பழைய உறையைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தெடுக்க வேண்டுமாம், அதுதான் புதுத்துணிக்கு அளவு. துணியை இழுத்து நடுவில் ஓர் ஆணி, எதிர்ப்பக்கம் ஓர் ஆணி, அப்புறம்தான் ஓரத்துக்குப் போக வேண்டும். எந்த ஆணியையும் எடுத்த எடுப்பில் முழுசாக அடிக்கக் கூடாது. பாதி அடித்து நிறுத்த வேண்டும். சுருக்கம் இருந்தால் பிடுங்கித் திரும்ப இழுக்கலாம், எல்லாம் சரியாக வந்த பிறகு தலை வரை அடித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கும் இந்த விதி இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை.

காசு போட்டு வாங்கியது ஆணியும், ஸ்பிரிங்கைத் தாங்குகிற நாடாவும் மட்டும்தான். பஞ்சுக்குப் பரண்மேல் கிடந்த மெத்தையை அறுத்துவிட்டேன். அடியில் விரிக்க மூட்டைச் சாக்கு. மேல்துணிக்கு உன் அறை ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டேன், குருவி படம் போட்ட அந்தக் கெட்டித் துணி. நீதான் வருவதில்லையே, அந்த அறையில் வெயில் அடித்தால் யாருக்கு என்ன?

இப்போது கூடத்தின் நடுவில் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. நாரும் தூசியும் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருக்கிறேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை.

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், கெட்ட சேதி அதற்குள்ளேயே இருக்கிறது. அம்மா சாப்பிடுகிறாள். நான் போட்டுக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறாள்.

நடந்ததைக் கேள். திரைத்துணி பற்றாமல் போயிற்று. மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று முதுகுத்துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டேன். இழுத்து, பாதி பாதியாக ஆணி அடித்து, மூலையெல்லாம் மடித்து, இடுப்பு ஒடிந்து எழுந்து நிற்கிறேன், பின்னால் அம்மாவின் சிரிப்புச் சத்தம். அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

"ஏம்மா குஷன்காரம்மா, குருவியெல்லாம் தலைகீழா தொங்குதே, வௌவாலா அது?"

அப்போதுதான் பார்த்தேன். இருக்கையில் குருவிகள் நேராக உட்கார்ந்திருக்கின்றன, முதுகில் அத்தனையும் தலைகீழ். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னோடு பேசிவிட்டாள் அண்ணா. யாரோ ஒரு குஷன்காரம்மாவோடுதான் பேசினாள், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

அன்று மதியம் அவளே கூப்பிட்டாள். வேலை செய்கிறவள் வயிறு காயக் கூடாதாம், வா வந்து சாப்பிடு என்றாள். நான் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தேன். வேலைக்கு வந்தவளைத் தனியாகச் சாப்பிட விட்டால் கூச்சப்படுவாள் என்று தானும் உட்கார்ந்தாள். எனக்குத் துணைக்காகத்தான் சாப்பிட்டாள், ஆனால் தட்டைக் காலி செய்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று என்னை உபசாரம் வேறு செய்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் விழுங்கினேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்.

பற்றாத இடத்துக்கு ஒட்டுத்துணி தைத்து, குருவிகளை நேராக்கி மறுபடி மாட்டினேன். பெரிய கெட்டிக்காரி மாதிரி எல்லா ஆணியையும் தலை வரை அடித்து முடித்தேன். அம்மா தடவிப் பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், நல்ல வேலை என்றாள். அப்புறம் போய்விட்டு வா என்றாள். நான் அங்கேயே நின்றேன். வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் நிற்கிறாய் என்று அவள் முகம் மாறத் தொடங்கியது. மறுநாள் காலையில் நான் மறுபடி அந்தச் சாவிக்கொத்துக்காரி. தட்டு சுவரில் போய் மோதியது.

என்ன செய்வேன் சொல். அவள் குளியலறையில் இருந்தபோது முதுகுப்பக்கத்து ஆணிகளை மளமளவென்று பிடுங்கினேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு, வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, வந்துட்டியா குஷன்காரம்மா என்றாள். பாக்கி வேலை இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து நான் ஓர் ஆணியைக்கூட முழுசாக அடிக்கவில்லை. காலையில் பாதி அடிக்கிறேன், மாலையில் பிடுங்குகிறேன். பைத்தியம் அவளுக்கா எனக்கா என்று நீ கேட்பாய். கேள், பரவாயில்லை. அவள் வளையல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.

அவள் என்னிடம் எவ்வளவு பேசுகிறாள் தெரியுமா? உன்னைப் பற்றித்தான் பெருமை. என் மகன் வாரம் தவறாமல் வந்து பார்ப்பான் என்கிறாள். நீ! உனக்கு அந்தப் பட்டம்! வாயில் இருந்த ஆணியை விழுங்கியிருப்பேன். இந்தப் பக்கமே தலைகாட்டாத உனக்கு இவ்வளவு என்றால் கூடவே கிடக்கிற எனக்கு என்ன சொல்வாளோ என்று ஆசையாக இருந்தது. மகள் இல்லையா உங்களுக்கு என்று கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ. ஒருத்தி இருக்கிறாள், எங்கேயோ போய்விட்டாள் என்றாள். அப்புறம் தானாகவே சொன்னாள்.

"கோவக்காரி. ஆனா என்னைப் பாக்காம அவளால இருக்க முடியாது. வந்துடுவா."

இங்கேதான் இருக்கிறேன் என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு கத்தத் தோன்றியது. கத்தினால் பயந்துபோவாள். அதனால் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தேன், அடித்ததில் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பார்த்துச் செய்யம்மா என்று என் விரலைப் பிடித்து ஊதினாள்.

சாயங்காலம் ஆனால் என்னை வீட்டுக்கு அனுப்புவதில் குறியாக இருக்கிறாள். "பொழுதாச்சு, போம்மா. உங்கம்மா தேடிட்டு இருப்பாங்க" என்கிறாள். தினமும் இதையே சொல்கிறாள், தினமும் எனக்குப் புதிதாக வலிக்கிறது. நான் கொல்லைக் கதவு வழியாக வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். நர்ஸம்மா வந்து அவளைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறப்பாள். சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைகிறேன்.

இப்போது கெட்ட சேதி. நாற்காலி இனித் தாங்காது. ஒரே இடத்தில் ஆணியை அடித்து அடித்துப் பிடுங்கியதில் சட்டத்தின் ஓரம் முழுக்கப் பொத்தலாகிவிட்டது. அடிக்கிற ஆணி நிற்கமாட்டேன் என்கிறது, விரலால் இழுத்தாலே கையோடு வருகிறது. துணி ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது, மடித்து அடிக்க இனி இடமில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் பாவம், அவர் சட்டத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். இதோடு நிறுத்திக்கொள், இன்னும் அடித்தால் மரம் பிளந்துவிடும், அப்புறம் அம்மா உட்காரவும் நாற்காலி இருக்காது என்றார். கடையிலிருந்து உடைசல் ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். எல்லாம் வேலைக்குக் கொடுத்தவர்களின் நாற்காலி, இப்படி நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது என்றார். அதுவும் நியாயம்தான்.

அம்மாவும் சும்மா இல்லை. இவ்வளவு நாளாக ஒரு நாற்காலியையா செய்வார்கள் என்று நேற்று கேட்டுவிட்டாள். இன்னும் ஓரிரண்டு நாள் ஓட்டலாம். பிறகு வேலை முடிந்தது, போய்விட்டு வா என்பாள். நான் போய்விட்டால் அவள் சாப்பிடமாட்டாள். அவள் சாப்பிடாவிட்டால் நீ வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவாய். என்னால் முடியாது அண்ணா. எல்லாவற்றையும் தாங்கிவிட்டேன், இதை மட்டும் என்னால் முடியாது.

அதனால் உடனே கிளம்பி வா. இல்லத்தைப் பற்றிப் பேச வராதே. பழம், துணிமணி எதுவும் வேண்டாம். உன் வீட்டில் உட்கார லாயக்கில்லாத பழைய நாற்காலி ஏதாவது இருந்தால் தூக்கிக்கொண்டு வா. இல்லாவிட்டால் வழியில் பழைய சாமான் கடையில் ஒன்றைப் பிடி. கிழிசல் போதாது என்று தோன்றினால் நீயே இன்னும் கொஞ்சம் கிழித்துவிடு, நன்றாகக் கிழி, வேலை முடிய நாளாக வேண்டும். வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடாதே. யார் நீ என்று அவள் கேட்டுவிட்டால் நீ தாங்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. குஷன் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்களா என்று கேள். உள்ளே வரச் சொல்லுவாள். வேலை கொண்டுவந்தவனையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

வாரம் தவறாமல் வருகிற மகனுக்கு அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. எனக்கு நீ கொண்டுவருகிற நாற்காலி போதும்.

இப்படிக்கு,
உனக்காவது இன்னும் தங்கையாக இருக்கிற
நான்.