பூட்ஸ் தாண்டாத வாசற்படி

மார்ச் 27

பனி உருகத் தொடங்கிவிட்டது. வெர்மான்ட்டில் இனி ஒரு மாதம் சேறுதான் பருவம்.

இன்று மாலை நாலு மணிக்கு என் கணவர் கிளேட்டன் பால் கறக்கக் கிளம்பிப் போயிருக்கிறார். கறக்க மாடு ஏது? முப்பத்தெட்டையும் அக்டோபரிலேயே லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கதவுச் சத்தம் கேட்கவில்லை. தபால்காரர்தான் பார்த்துக் கூட்டிவந்தார். இவர் முழங்கால் வரை சேற்றில் புதைந்து நின்றாராம். ஒரு காலில் பூட்ஸ், இன்னொன்றில் வெறும் காலுறை. உதடெல்லாம் நீலம். அந்தக் குளிரில் எவ்வளவு நேரமோ. மனுஷன் என்னைக் கூப்பிடவில்லை, மாடுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

மார்ச் 28

மகள் ரோன்டா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டுக்கு வந்தாலும் நர்ஸ்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா இன்னொரு தடவை வெளியே போனார்னா ஹோம்ல சேர்த்துடுவேன்மா. நீ அழுதாலும் சரி."

அந்த முதியோர் ஹோமை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. எல்லோர் காலிலும் பஞ்சுச் செருப்பு.

மார்ச் 30

ஒன்று தோன்றியது. சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படி, அதற்குக் கீழே சேறு. அந்தப் படிகள் மேல் சுவர் எழுப்பி, கூரை போட்டு, சேற்று பூட்ஸை மாட்டவும் கழற்றவும் ஒரு சேற்றறை கட்டிவிட்டால்? இரண்டு கதவைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். முன்வாசலைப் பற்றிக் கவலை இல்லை. இந்த ஊரில் பாதிரியாரும் சவப்பெட்டியும் தவிர யார் முன்வாசலில் போகிறார்கள்?

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன், ஒரு சேற்றறை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். அது வரைக்கும் என் சட்டம்தான்: கொட்டகை பூட்ஸ் என் சமையலறைத் தரையில் படக்கூடாது. ஒருமுறை பட்டது, பூட்ஸைத் தூக்கிப் பனியில் எறிந்தேன். இப்போது கேட்டது கிடைக்கப்போகிறது, அவரைப் பூட்டி வைப்பதற்கு.

ஏப்ரல் 2

தச்சர் எமிலோடு உட்கார்ந்து படம் போட்டேன். பெஞ்சு பதினெட்டு அங்குல உயரம், அவர் முழங்கால் நோகாமல் உட்கார. பெஞ்சுக்கடியில் பூட்ஸ் வைக்கத் தட்டு. கோட்டு மாட்டக் கொக்கி, மேலே கையுறைக்கு ஒரு பலகை. சிமென்ட் தரை, நடுவில் தண்ணீர் வடியத் துளை, சுவரோரம் குழாயும் ரப்பர் ஹோஸும்.

சுவருக்கு, கொட்டகைப் பக்கத்தில் கறக்குமுன் அவர் கை கழுவுகிற பால் அறையின் வெள்ளைப் பலகைகளைக் கழற்றிவந்து போடலாம் என்றார் எமில். "இன்னும் நாப்பது வருஷம் தாங்கும் வெர்னா. தண்ணி அடிச்சுக் கழுவினா போதும்." சும்மா கிடக்கிற பலகைதானே. சரி என்றேன்.

தாழ்ப்பாள் வெளிக்கதவின் உச்சியில். கதவுக்கும் சுவரின் வெள்ளையையே அடிக்கச் சொன்னாள் ரோன்டா. இரண்டும் ஒரே நிறமானால் மறதி நோய்க்காரர்கள் கண்ணுக்குக் கதவு தெரியாதாம்.

ஏப்ரல் 9

மழை. எமிலின் லாரி பாதையில் புதைந்துகொண்டது. வேலை இல்லை.

ஏப்ரல் 14

இன்று கிளேட்டனுக்கு நல்ல நாள். எமிலுக்கு ஆணி எடுத்துக் கொடுத்தார். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, துளைக்கு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். வாட்டம் சரியாக இருக்கிறதாம்.

"இந்த ரூம் யாருக்கு?" என்றார்.

உங்களுக்குத்தான் என்றேன்.

"எனக்கு எதுக்கு? நான்தான் பொழுதன்னைக்கும் கொட்டகையில கிடக்கிறேனே."

திருடி மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே வந்து உருளைக்கிழங்கு தோல் சீவினேன், தேவைக்கு மேலேயே.

ஏப்ரல் 20

முடிந்தது. பெருமை என்று சொன்னால் சொல்லட்டும், இந்த ஊரிலேயே இவ்வளவு அழகான சேற்றறை இல்லை. வெளிக்கதவை ரோன்டாவே தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பார்க்கலாம்மா" என்றாள்.

ஏப்ரல் 21

நாலு மணிக்கு உள்ளே போனார். பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினார், எப்போதும் போல வலது கால் முதலில். நான் சமையலறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் முழுக்கத் தடவினார். கதவு அகப்படவில்லை. திரும்ப உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. ஏன்?

ஏப்ரல் 22

இன்றும் அப்படியே.

ஏப்ரல் 23

இன்று சுவரைத் தடவவில்லை. ஹோஸை எடுத்துத் தரையைக் கழுவினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். சீட்டி வேறு. மாடுகள் போனதிலிருந்து அந்தச் சீட்டியை நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் உறைத்தது. வெள்ளைச் சுவர், வடிகால் துளை, ஹோஸ் — அடி வெர்னா, நீ கட்டியது பால் அறை! பலகைகூட அதே பலகை. பால் அறையில் கை கழுவிவிட்டு எங்கே போவார்? மாடுகளிடம். அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே கதவு. அது என் சமையலறைக் கதவு.

ஏப்ரல் 24

வந்துவிட்டார். ஹோஸ் தண்ணீரில் மார்ச் மாதத்துச் சேறு ஊறி வழிகிற பூட்ஸோடு, என் தரையில். "கம் பாஸ், கம் பாஸ்" என்று மெதுவாக மாடுகளைக் கூப்பிட்டுக்கொண்டே நாலைந்து எட்டு வைத்தார். அடுப்படியில் என்னைப் பார்த்ததும் நின்றார். கத்த வாயெடுத்தேன், பழக்கதோஷம். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"வீட்டுல சொல்லிடாதீங்க. பூட்ஸோட வந்தேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி என்னை உயிரோட விடமாட்டா."

அவ்வளவு கோபக்காரியா என்று கேட்டேன்.

"ரொம்ப. ஆனா தரையைப் பார்த்தீங்களா, எப்படி வெச்சிருக்கா."

சொல்லமாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 25

எழுத ஒன்றுமில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

மே 6

பாதை காய்ந்துவிட்டது. ரோன்டா போன் செய்தாள். அப்பா ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்றேன். ஹோம் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்றாள். நல்ல வேலை செய்தாய் அம்மா என்றும் சொன்னாள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்பது நாளாகிறது, அதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்றரைக்குச் சமையலறை விரிப்பைச் சுருட்டி வைத்தேன். நாலு மணிக்குச் சமையலறைக் கதவை நானே திறந்து பிடித்தேன். அவர் இல்லாத மாடுகளைக் கறந்து முடித்துப் போனதும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தேன், ஒரு தடம் விடாமல். வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாதே.