காற்றாலைக்கு மொழிபெயர்த்த நான்கு நாள்

9 ஜூலை 1996, செவ்வாய்

விடிந்ததிலிருந்து பேய்க்காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில் கிடந்தது. மில் மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். லண்டன் வக்கீல் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறாராம். கூடவே போய் இங்கிலீஷைத் தமிழிலும் தமிழை இங்கிலீஷிலும் சொல்ல வேண்டுமாம். இவர், என் வீட்டுக்காரர், அந்த மில்லில் ஃபிட்டர். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? கோயம்புத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு மாறி வந்து இரண்டு மாதம், எனக்கும் இங்கிலீஷ் டியூஷனுக்கு மூன்று பிள்ளைகள்தான். சரி என்றேன்.

மில் காற்றாலை போடப்போகிறது. வெளிநாட்டுப் பணம். நிலத்தில் வில்லங்கம் இல்லையே என்று பார்ப்பது வக்கீலம்மா (இனி வ.) வேலை.

வாங்க: சீயக்காய், இவருக்கு இருமல் மருந்து.

10 புதன்

சாரல். வ. நல்ல மாதிரி, இட்லியைக் கையால் சாப்பிட்டார். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அவர்கள் கம்பெனியில் காற்று, சூரியன் என்று எந்த வேலை எடுத்தாலும் ஒரு விதியாம். நிலத்தில் பங்குள்ள ஒவ்வொரு பெண்ணையும் நேரில் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும். சுத்தமான கரண்டு எடுக்கிற நிலம், வந்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டுமாம். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

வன்னியம்பட்டியில் ஒரு நிலக்காரர். தங்கையைக் கட்டிக்கொடுத்து, நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி அவளிடம் என்ன கேள்வி என்றார். வ. அசையவில்லை. ஆலங்குளத்திலிருந்து அந்தத் தங்கையை பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். "என்னய எதுக்குக் கேக்காக?" என்று முந்தானையைத் திருகினாள். செத்த நேரத்தில் காத்தாடி எம்புட்டு உயரம், ஆடு மேய்க்க விடுவார்களா என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு, கொஞ்சம் பெருமையும்.

நாளை செட்டியார்பட்டிப் பக்கம் என்றார் மேனேஜர். எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

11 வியாழன்



செட்டியார்பட்டி தாண்டி ஜீப் தெற்கே மண்பாதையில் திரும்பியதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நான் பிறந்த ஊர். நின்றது எங்கள் வீட்டு வாசலில்.

பதினொரு வருஷம். இவரைக் கட்டிக்கொண்டு கோயிலிலிருந்து சர்ச்சுக்குப் போனவள், பாக்கியமாக இருந்து கிரேஸ் ஆனவள். அன்று அப்பா கிணற்றடியில் ஊர் பார்க்கத் தலை முழுகினார். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல.

தம்பி முருகேசன் வெளியே வந்தான். மீசை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்துவிட்டது. மேனேஜரைப் பார்த்து "வாங்க" என்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. இவர் வேலையை நினைத்தேனா, பயமா? இரண்டும்தான். தம்பி பெண்டாட்டிக்கு நான் யாரென்று தெரியாது. "கலர் குடிங்க டீச்சர்" என்றாள்.

உள்ளே சுவரில் அப்பா. மாலை போட்ட படம். சின்ன சிவப்பு பல்பு.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கார்டு கூடப் போடவில்லை.

வ. நிலம் யார் பேரில் என்று கேட்டார். அப்பா பேரில், போன ஆவணியில் தவறிவிட்டார், உயில் கிடையாது என்றான் தம்பி. அவருடைய அப்பா இறந்துவிட்டார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவருடைய அப்பா.

கூடப் பிறந்த பெண்கள் உண்டா என்று வ. கேட்டார். அதையும் நானே தமிழில் கேட்டேன். தம்பி தரையைப் பார்த்துச் சொன்னான்:

"ஒரு அக்கா இருந்தா. செத்துப் போயிட்டா."

அதையும் சொன்னேன். குரல் கூட மாறவில்லை. வ. வருத்தம் தெரிவித்தார், அதை அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

12 வெள்ளி

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றார். சோறு இறங்கவில்லை இரண்டு பேருக்கும்.

நேற்று வ. அத்தோடு விடவில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த அக்காவுக்கும் பங்கு உண்டு, அவள் இல்லையென்றால் அவள் பிள்ளைகளுக்கு உண்டு, அவர்களைப் பார்த்தாக வேண்டும் என்றார். தமிழில் சொன்னேன். "அந்த அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்கிறார்."

தம்பி தலையைத் தூக்கினான். அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உண்டா?" என்றான்.

என்னைக் கேட்டான். தெரியாமல்தான் கேட்டான்.

"ஒரு பொண்ணு இருக்கா முருகேசா. ஏழு வயசாகுது."

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். தம்பி பெண்டாட்டி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மேனேஜர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று வ. கேட்டார். அந்த அக்கா நான்தான் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடினார். நிலத்தில் பங்குள்ளவர் மொழிபெயர்க்கக் கூடாது, விதி, வேறு ஆளைக் கூட்டி வந்து உங்களிடமும் கேட்க வேண்டும் என்றார். இனி நீங்கள் என் பக்கம் உட்காரக் கூடாது, அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்றார்.

எழுந்து போனேன். அங்கே ஒரே ஒரு பெஞ்சு, அப்பா படத்துக்குக் கீழே. தம்பி நகர்ந்து இடம் விட்டான்.