டேப் சுவருக்குள் அப்பா

அருள்மொழி,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சிலிண்டர் வரும், வாங்கி வை. நான் வடலூர் போய்விட்டு மதியம் வந்துவிடுவேன்.

எம்.டிசைன் படிப்புக்குப் பிராஜெக்ட் என்று நேற்று ஹால் தரை முழுக்க டேப் ஒட்டி வீடு வரைந்தாயே, அதன் குறுக்கே அப்பா நடந்ததற்கு, "செவுத்துக்குள்ள பூந்து போறீங்களேப்பா!" என்று கத்தினாய். "டேப் ஒட்டுறதுக்கு ஒரு மேல்படிப்பா?" என்று சொல்லிவிட்டு அவர் ஹால் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். நீயும் கோபத்தில் கட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் டேப்பை ஒட்டிவிட்டுப் போய்விட்டாய்.

காலையில் மனுஷன் எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"புஷ்பா, இந்த ரூமுக்கு வாசலே விடலியே!"

"காலத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க."

"செவுத்த எப்படித் தாண்டுறது? அப்புறம் அவ கத்துவா."

அவர் வேலைக்குப் போகும் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. கடைசியில் நான்தான் இரண்டடி டேப்பை உரித்தேன். அந்த வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அம்மா

சட்னி பிரிட்ஜில்.

அந்த வாசலை மறுபடி அடைத்துவிடாதே. சாயங்காலம் அவர் உள்ளே போகவேண்டுமாம்.