முறத்தில் காய்ந்த செதில்கள்

தம்பி அருள்நாதா,

முறத்தில் காயவைத்த மீன் செதில்களை நேற்றுக் குப்பையில் கொட்டினாயே, அவை என் வகுப்புப் பிள்ளைகள் கழுவிச் சாயம் தோய்த்த வண்ணத்துப்பூச்சிச் சிறகுகள். ஜவ்வரிசி முட்டை, வலைநூல் புழு, களிமண் கூடு எல்லாம் செய்துவிட்டார்கள். இன்று சிறகு ஒட்டும் நாள்.

“ஏன்டா, என்னைக் கேட்டியா?” என்று நேற்றே கேட்டேன்.

“கலீஜா கீது, நாறுதுக்கா. செதிலக் கடாச இன்னாத்துக்குக் கேக்கணும்?” என்றாய்.

வகுப்பிலேயே சின்னவள் சிலுவையம்மாள் தினமும் கேட்கிறாள்: “டீச்சரம்மா, என் பூச்சி எப்போ வெளிய வரும்?”

“வெள்ளிக்கிழமைடி” என்றேன். இன்று வெள்ளி.

காசிமேட்டில் மீன் அரியும் பெண்களிடம் புதுச் செதில் கேட்டு வாங்கு. நீயே கழுவித் துடைத்து, பத்து மணிக்குள் வகுப்புக்குக் கொண்டு வா. கொட்டியது யாரென்று சிலுவையம்மாளிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்.

அக்கா

வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவிடம் கொடு. கஞ்சி மூடியிருக்கிறது. உன் கால் வீக்கத்துக்காக உப்புக் குறைத்தேன். அதனால் கோபம் தணிந்துவிட்டதென்று நினைக்காதே.