மெத்தையிடம் தோற்றவள்

3 ஜூன் 1985
சேரப்பணஞ்சேரிப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நான் முறைத்தால் இரண்டாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்துகிறது. வீட்டுக்கு வந்து என் மகளை எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து வயதாகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுதலில் பிறந்தவள் என்று அற்புதமேரி எனப் பெயர் வைத்தோம்.

நாத்தனார் சகாயமேரி காரணம் கண்டுபிடித்துவிட்டார். "வயித்துல புள்ளய வச்சிகினு, கிரகணத்தன்னிக்கு வெளிய குந்திகினு பரீட்ச பேப்பர் திருத்தினியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பாதிப் பேர் பெயில். அவர்கள் சாபமாகவும் இருக்கலாம்.

8 ஜூன்
மெட்ராஸ் டாக்டர் இதற்குப் பெயர் ஆட்டிசம் என்றார். காரணமும் சொன்னார்: நான். தாயின் பாசம் குழந்தையைப் போய்ச் சேரவில்லையாம். காலையும் மாலையும் கட்டியணைக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் மாற்றம் தெரியாவிட்டால் மெட்ராஸிலேயே ஒரு விடுதியில் விட வேண்டும்; என்னிடமிருந்து விலகியிருந்தால்தான் குணமாவாளாம்.

கிரகணம் தப்பித்தது.

ஷிப்டை விட்டுவிட்டுக் கூட வந்த என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ், பூந்தமல்லியில் பஸ் நின்றதும் இறங்கிப் போனார். ஒரு கடலைப் பொட்டலம் வாங்கி வந்து என் கையில் வைத்தார்.

11 ஜூன்
பாசம் ஆரம்பம். சிரித்த முகத்துடன் அணைத்தேன். தோளைக் கடித்தாள்.

12 ஜூன்
மறு தோள்.

30 ஜூன்
பூசை முடிந்து வந்து அணைத்தேன். அவள் அலறினாள், நானும் அழுதேன். இன்னா பாசம் இல்ல எங்கிட்ட? இவ தூங்குற வரைக்கும் மூச்சு விட பயந்துகினு ஒக்காந்திருக்கேனே, அது இன்னா? சோறு தனியா தயிர் தனியா வச்சாத்தான் இவ துன்னுவான்னு அந்த விடுதியில யாருக்குத் தெரியும்? — பிள்ளைகளிடம் பிழையில்லாத தமிழ் கேட்கிற டீச்சர் எழுதுகிற லட்சணம் இது.

14 ஜூலை
பழைய மெத்தையைப் பிரித்துத் தைக்க வாலாஜாபாத்திலிருந்து மெத்தைக்காரர் அப்பாவு வந்தார். பஞ்சு அடிக்கிற வில்லின் நாணை அவர் மீட்டினால் தெருவே அதிரும். அந்தச் சத்தத்துக்கு இவள் அலறி வீட்டை ரெண்டாக்கப் போகிறாள் என்று கதவைச் சாத்தினேன். கதவைத் தட்டித் திறக்கவைத்து, அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். தைத்த மெத்தையைச் சுருட்டும்போது உள்ளே நுழைந்துகொண்டாள்.

"டீச்சரம்மா, பாப்பா உள்ள பூந்துகிச்சி. மெத்தய மட்டும் கட்றதா, பாப்பாவயும் சேத்துக் கட்றதா?"

தலை மட்டும் வெளியே தெரிந்தது. அலறல் இல்லை, கை உதறல் இல்லை. இவ்வளவு அமைதியாக அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பொறாமையாக இருந்தது. மெத்தைக்கு இருக்கிற சாமர்த்தியம் பெற்றவளுக்கு இல்லை.

3 ஆகஸ்ட்
தினமும் சாயங்காலம், முகம் வெளியே இருக்கும்படி, அவளை மெத்தையில் சுருட்டுகிறோம். "பொணத்தத்தான் இப்டி சுத்துவாங்க" என்று திட்டிக்கொண்டிருந்த நாத்தனார், இன்று நான் சுருட்டியது தொளதொளவென்று இருக்கிறதென்று அவரே வந்து இறுக்கினார்.

31 ஆகஸ்ட்
டாக்டரிடம் மெத்தை சமாசாரத்தைச் சொன்னோம். பஞ்சு பாசமாகாது என்றார். விடுதியில் இடம் இருக்கிறது, திங்கட்கிழமையே விடலாம் என்றார். நான் தலையாட்டப் போனேன். படித்தவர் சொன்னால் ஆட்டித்தான் பழக்கம்.

"வேணாம் சார்," என்றார் மைக்கேல்ராஜ். "வூட்டுக்கே கூட்டிகினு போறோம்."

அவள் ஏன் இப்படி என்கிற காரணம் தெரியாமலே மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

15 செப்டம்பர்
அவளைச் சுருட்டிவிட்டு, களைப்பில் நானும் பக்கத்தில் படுத்து மெத்தை மேல் கையைப் போட்டேன். நடுவில் அத்தனை இலவம்பஞ்சு. எட்டாத தூரம், ஆகவே கடி இல்லை. ரசத்துக்குப் புளி ஊறவைக்க வேண்டுமே என்று கையை எடுத்தேன்.

சுருளுக்குள்ளிருந்து அவள் கை வந்தது. என் கையைத் தேடிப் பிடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தது.

இன்று வீட்டில் ரசம் இல்லை.