எட்டாம் கட்டம்: விற்கும் பொருள்

அனுப்புநர்:
இயன்முறை மருத்துவர்,
கதவு எண் 14, மாடி (முன்பு தரைத்தளம்),
வாகனம் நுழையாக் கடைவீதி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கடைவீதித் தரைத்தளத்தில் விற்பனை சாராத தொழில் நடத்த விதிவிலக்கு மறுக்கப்பட்டது – அதனால் ஒருவர் இறந்தது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் மறுபடி நடக்கப் பயிற்சி அளிப்பது என் தொழில். மேற்படி கட்டடத்தின் தரைத்தளத்தில் பதினோரு ஆண்டுகள் நடத்தினேன். சென்ற ஆண்டு வீதிக்குள் வண்டிகள் வரக்கூடாது என்று ஆனபோது, நடப்பவர்களுக்கென்றே ஒரு வீதி என்று முதலில் மகிழ்ந்தவள் நான்தான்.

2. பிறகு தங்கள் அலுவலக ஆணை வந்தது. "வீதிமுகப்பின் உயிரோட்டத்தைக் காக்கும் பொருட்டு" தரைத்தளத்தில் பொருள் விற்பவர்கள் மட்டுமே இருக்கலாம். மற்றவர்கள் மாடிக்குப் போக வேண்டும், அல்லது விதிவிலக்கு கேட்க வேண்டும். கேட்டேன். விண்ணப்பத்தின் எட்டாம் கட்டத்தில் 'விற்கும் பொருள்' என்று இருந்தது. 'ஏதுமில்லை' என்று எழுதினேன். அதுதான் உண்மை.

3. விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் நல்லவர். தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், நாலு வாக்கிங் ஸ்டிக் வாங்கிக் கண்ணாடில சாத்தி வைங்க. கடைன்னு போட்டு அனுப்பிடறேன்" என்றார். எதிர் வரிசை ஸ்டுடியோக்காரர் அப்படித்தான் நான்கு போட்டோ சட்டங்களை மாட்டிக் கடைக்காரர் ஆகியிருந்தார். நான் மறுத்தேன். ஊன்றுகோலைக் கீழே வைக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் அதை விற்பதாக எழுதுவதா என்ற வீம்பு. விண்ணப்பம் ஒரே வரியில் தள்ளுபடியானது.

4. மாடிக்கு இருபத்து மூன்று படிகள். கைப்பிடி, ஏறும்போது வலப்பக்கம் மட்டும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம்தான் விழுந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன் "போலாம் ரைட்!" என்று தனக்குத்தானே குரல் கொடுத்துக்கொள்வார், எங்களுக்கு அவர் பெயரே அதுதான். கீழே இருந்தபோது ஒரு நாள் கோல் இல்லாமல் சன்னலிலிருந்து கதவு வரை நடந்தார். கண்ணாடிக்கு வெளியே போனவர்கள் நின்று கைதட்டினார்கள். ஆணை சொல்லும் உயிரோட்டம் அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

5. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை, மனைவி பின்னால் தாங்கிவர, அவர் படியேறினார். நான் மேலே கை நீட்டியபடி நின்றேன். படிக்குப் படி அவர் குரல் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது படியில் "போலாம்" கேட்டது, "ரைட்" வரவில்லை. மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. நடத்துநர் நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்தார்.

6. இதில் என் பங்கை நான் மறைக்கவில்லை. நான்கு கோல்களைச் சாத்தி வைத்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். அதை நினைக்காமல் ஒரு நாளும் என்னால் அந்தப் படிகளில் இறங்க முடியவில்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "படி ஏற முடிஞ்சா உங்ககிட்ட ஏம்மா வரப்போறோம்? இதை ஆபீஸ்ல ஒருத்தர்கூடவா யோசிக்கல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத் தங்களிடம் சேர்ப்பிக்கிறேன்.

7. நான் காலி செய்த அறை ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. இன்னும் ஒன்பது பேர் என்னிடம் படியேறி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் விழுவதற்குள் அந்த அறையைத் திறக்க விதிவிலக்கு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

8. விதிக்குப் பொருள் ஒன்று வேண்டும்தான் என்றால், இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய கோலை அந்த அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். பிடியில் அவர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் தெரிகிறது. எட்டாம் கட்டத்தில் 'ஊன்றுகோல், ஒன்று' என்று திருத்தி எழுதி விண்ணப்பத்தை இணைத்துள்ளேன். அறை திறந்ததும் கண்ணாடியில் சாத்தியும் வைக்கிறேன். யாராவது விலை கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இயன்முறை மருத்துவர்

இடம்: மாடி
நாள்: ஆகஸ்ட் 12
இணைப்பு: திருத்திய விண்ணப்பம்